கோர்ட் ரத்து செய்யும் என்று சூளையை அப்படியே வைத்திருக்கலாமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். திருமங்கலம் பக்கம் எனக்கு ஒரு சேம்பர் சூளை இருக்கிறது. அப்பா நாட்டுச் சூளை போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் புகைபோக்கி கட்டி சேம்பராக்கினேன். இப்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து, ஜிக்ஜாக் முறைக்கு ஏன் மாறவில்லை என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. (சூளைக்குள் காற்று வளைந்து வளைந்து போகும்படி கல்லை அடுக்குவதுதான் ஜிக்ஜாக்.) மாற்றுவதென்றால் வங்கிக் கடன் வாங்கியாக வேண்டும். மகன் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. "கார்பனைக் கட்டுப்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதைக் காட்டி நாமும் ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம்" என்கிறான். மருமகன் பள்ளி ஆசிரியர். "நெதர்லாந்திலும் உலக நீதிமன்றத்திலும் தீர்ப்பு வந்தாயிற்று, இனி கோர்ட்டே எல்லாச் சூளையையும் மூடச் சொல்லும்" என்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சண்டைதான். நான் கடன் வாங்கவா, கேஸ் போடவா? (பெயர் வேண்டாம். திருமங்கலம் வட்டம்.)

பதில்: ஐயா, இந்தப் பதில் அச்சில் வருவதற்குள் நோட்டீஸின் 15 நாள் கெடு முடிந்துவிடும். அதனால் பதில் மனு போட்டு அவகாசம் கேட்கச் சொல்லி ஏற்கனவே தனியாகத் தகவல் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது உங்கள் வீட்டுச் சண்டைக்காக. அதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கும் மற்ற சூளைக்காரர்களுக்காகவும்தான்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நகலை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கார்பன் என்ற சொல் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. அது குறிப்பிடுவது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 பிப்ரவரி 22 அன்று செங்கல் சூளைகளுக்கென்று கொண்டுவந்த விதியை. புகைபோக்கி வழியாக வரும் தூசு ஒரு கன மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பழைய சூளைகள் ஜிக்ஜாக்குக்கோ, செங்குத்துச் சூளைக்கோ, குழாய் எரிவாயுவுக்கோ மாற வேண்டும். காற்றுத் தரம் தேறாத நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஓராண்டு, மற்ற இடங்களில் இரண்டாண்டு என்று கெடு. அவ்வளவுதான் விஷயம். உங்கள் மகனும் மருமகனும் கார்பனை, அதாவது கரியமில வாயுவை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள். வாரியம் கேட்பது கரித்தூசியை. இரண்டும் ஒரே புகைபோக்கி வழியாகத்தான் வெளியே வருகின்றன என்பது உண்மை. ஆனால் சட்டத்தில் அவை வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

அதற்காகத் தம்பி படித்ததை வீண் என்று சொல்லமாட்டேன். அவர் சொன்ன அமெரிக்கக் கதையை முழுதாகக் கேட்டால், கோர்ட் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது நன்றாகப் புரியும். அவர் கதையின் கடைசிப் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

1999-ல் சில அமைப்புகள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு மனு போட்டன. புது வண்டிகளின் புகையில் வரும் கரியமில வாயு போன்ற, பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுக்களுக்கு வரம்பு வையுங்கள் என்று கேட்டன. நாலு வருஷம் கழித்து 2003-ல் முகமை பதில் சொன்னது: எங்களுக்கு அந்த அதிகாரமே இல்லை, இருந்தாலும் இப்போது பயன்படுத்தமாட்டோம். அரசாங்க அலுவலகத்தில் மனு கொடுத்துப் பழகிய நமக்கு இந்தப் பதில் புதிதல்ல. மாசசூசெட்ஸ் மாநிலமும் வேறு சிலரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2007 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். கடல் மட்டம் உயர்ந்து மாசசூசெட்ஸின் கரை நிலம் போகிறது, எனவே வழக்குப் போட அதற்கு உரிமை உண்டு. தூய காற்றுச் சட்டத்தில் 'காற்று மாசு' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிக அகலமானது, கரியமில வாயுவும் அதற்குள் வரும். இவைதான் தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வரம்பு இவ்வளவு என்று கோர்ட் எழுதவில்லை. வரம்பு வைத்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. இந்த வாயுக்களால் மக்களுக்கு ஆபத்தா இல்லையா என்று அறிவியலைப் பார்த்து முடிவு சொல், முடிவு சொல்லாமல் தட்டிக்கழிக்க முடியாது என்றது. 2009 டிசம்பரில் முகமை ஆபத்துதான் என்று கண்டறிந்தது. அந்த ஒரு முடிவின் மேல்தான் வண்டிகளுக்கான வரம்பும், பிறகு ஆலைகளுக்கான விதிகளும் வரிசையாக எழுந்தன.

அதே கோர்ட் 2014-ல் முகமையின் கையைப் பிடித்து நிறுத்தியது. எப்படி என்றால், சட்டத்தில் பெரிய ஆலை என்பதற்கு ஆண்டுக்கு 100 டன் அல்லது 250 டன் மாசு என்று அளவு போட்டிருந்தது. கரியமில வாயுவுக்கு அந்த அளவை வைத்தால் பள்ளிக்கூடக் கட்டடமும் ஆஸ்பத்திரியும் உரிமம் வாங்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். எனவே முகமை தானாகவே அளவை 75,000, 1,00,000 டன் என்று ஏற்றிக்கொண்டது. நியாயமாகத் தெரிகிறது இல்லையா? கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டத்தில் போட்ட எண்ணைத் திருத்துவது அதிகாரியின் வேலை அல்ல என்றுவிட்டது. ஆனால் மற்ற மாசுகளுக்காக ஏற்கனவே உரிமம் வாங்கியிருக்கும் ஆலைகளிடம் கரியமில வாயுவுக்கும் கட்டுப்பாடு கேட்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்தது.

இப்போது தம்பி சொல்லும் தீர்ப்புக்கு வருவோம். 2022 ஜூன் 30, வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் போட்ட வழக்கு, ஆறுக்கு மூன்று. 2015-ல் ஒபாமா அரசு கொண்டுவந்த மின்நிலையத் திட்டம் நிலக்கரி நிலையத்திடம் "உன் புகைபோக்கியைச் சரிசெய்" என்பதோடு நிற்கவில்லை. நிலக்கரியில் எடுக்கும் மின்சாரத்தைக் குறைத்து, எரிவாயுவுக்கும் காற்றாலைக்கும் மாறுகிற கணக்கில் வரம்பைப் போட்டது. இவ்வளவு பெரிய மாற்றத்தை நாடாளுமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தால்தான் அதிகாரி செய்ய முடியும், பழைய சட்டத்தின் ஒரு மூலையில் கிடக்கும் பிரிவை வைத்துச் செய்ய முடியாது என்றது கோர்ட். 2007 தீர்ப்பை அது தொடவே இல்லை. கார்பனைக் கட்டுப்படுத்த அதிகாரமே இல்லை என்றும் சொல்லவில்லை.

உங்கள் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். "உன் சூளைக்குள் கல்லை ஜிக்ஜாக்காக அடுக்கு" என்று வாரியம் சொன்னால் அது முதல் வகை. அமெரிக்காவிலும் செல்லும். "செங்கல்லை விட்டுவிட்டு ஹாலோ பிளாக் போடு" என்று சொன்னால்தான் வெஸ்ட் வர்ஜீனியா தீர்ப்பு பேச வரும். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை நோட்டீஸ். ஆகவே தம்பி கையில் எடுத்திருக்கும் ஆயுதம் அமெரிக்காவிலேயே இதற்கு வெட்டாது.

இங்கே இன்னொரு வேடிக்கை. அந்த இரண்டாவது வகையை நம் நாட்டில் எப்போதோ செய்துவிட்டார்கள். 1999-ல் வந்த சாம்பல் அறிவிக்கை ஞாபகம் இருக்கும். அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் சூளைகள் மண்ணோடு 25 சதவீதம் சாம்பலைக் கலந்துதான் கல் அறுக்க வேண்டும் என்றது அது. பிறகு அந்தச் சுற்றளவு 100, 300 என்று விரிந்துகொண்டே போனது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலிருந்து அளந்தால் மதுரையே உள்ளே வந்துவிடும். எந்தப் பொருளில் கல் செய்வது என்பது வரை டெல்லி சொல்கிறது. எந்த பலத்தில்? 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 3-ஆம் பிரிவு. சுற்றுச்சூழலைக் காக்கத் தேவை என்று கருதும் எல்லா நடவடிக்கையையும் எடுக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. 'எல்லா' என்ற அந்தச் சொல் இருக்கும்வரை, நாடாளுமன்றம் தெளிவாகச் சொல்லவில்லை என்ற அமெரிக்க வாதத்தை இங்கே எடுத்து வைத்தால் நீதிபதி சிரிக்கமாட்டார், ஆனால் அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லிவிடுவார். நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புதான் இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். வெளிநாட்டுத் தீர்ப்பைப் படித்துக் காட்டலாம், அவ்வளவுதான்.

சரி, மருமகன் பக்கம் வருவோம். அவர் சொல்வதில் உண்மை கூடுதல், பயமும் கூடுதல்.

நெதர்லாந்தில் 2015-ல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் ஓர் எண்ணையே போட்டுத் தீர்ப்புச் சொன்னது. 1990-ல் இருந்த அளவைவிட 2020 முடிவுக்குள் குறைந்தது 25 சதவீதம் குறை என்று அரசுக்கு உத்தரவு. அரசு மேல்முறையீடு மேல் மேல்முறையீடு போய்ப் பார்த்தது. 2019 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் எப்படிக் குறைப்பது என்பதில் கோர்ட் தலையிடவில்லை. எந்த ஆலையை மூடுவது, எதற்கு வரி போடுவது என்பதை அரசிடமே விட்டது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தை அந்த டிசம்பரிலேயே மூடினார்கள். ஜெர்மனியில் 2021-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், இன்றைக்குக் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு பாரத்தை எல்லாம் 2030-க்குப் பிறகு வாழப்போகும் பிள்ளைகள் தலையில் ஏற்ற முடியாது என்றது. சில மாதத்திலேயே அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். 2030 இலக்கு 55-லிருந்து 65 சதவீதமானது. வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும் நிகர பூஜ்யம் 2050-க்குள் என்றிருந்தது 2045 ஆனது. உலக நீதிமன்றம் 2025 ஜூலை 23-ல் சொன்னது ஆலோசனைக் கருத்து. நாடுகளுக்குக் கடமை உண்டு, தங்கள் எல்லைக்குள் இருக்கும் தனியார் வெளியிடுவதையும் அவை கட்டுப்படுத்த வேண்டும் என்று அது சொன்னது. திருமங்கலத்துச் சூளையை மூட அதில் வரி இல்லை.

மூன்றிலும் ஒரு பொது விஷயத்தைக் கவனியுங்கள். தீர்ப்பு அரசாங்கத்தை நோக்கிப் போகிறது. அரசாங்கம் விதி எழுதுகிறது. விதிதான் உங்கள் வாசலுக்கு வருகிறது. கோர்ட்டில் நடப்பதெல்லாம் பேனா யார் கையில் இருக்கிறது, அவர் எழுதாமல் உட்கார்ந்திருக்கலாமா, வரம்பு தாண்டி எழுதிவிட்டாரா என்ற விசாரணைதான். உங்களைப் போன்றவர்கள் தீர்ப்பு வந்த அன்று பேப்பரைப் படித்துப் பதறுவதைவிட, அறிவிக்கை வருகிற அரசிதழைப் பார்ப்பது நல்லது.

நம் நாட்டில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே கோர்ட் சில சமயம் பேனாவையே வாங்கி எழுதிவிடும். 1998-ல் டெல்லிப் பேருந்துகள் எல்லாம் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே தேதி குறித்தது. எந்த எரிபொருள் என்பதைக்கூட மந்திரி சொல்லவில்லை, கோர்ட்டே சொன்னது. அதற்கு முன்பே, 1996-ல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கு. பெயரில்தான் வேலூர். ஆளுக்கு 10,000 ரூபாய் மாசு அபராதம் கட்டச் சொன்ன மாவட்டங்களில் நம் பக்கத்துத் திண்டுக்கல்லும் இருந்தது. கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும், கெடும் என்று சந்தேகம் வந்தாலே தடுக்கலாம், கெடுக்கவில்லை என்று தொழில் நடத்துகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற மூன்றும் இந்தியச் சட்டத்தில் வேர் பிடித்தது அந்தத் தீர்ப்பில்தான். மூன்றாவதை மகனிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். "என் சூளையால்தான் தூசு என்று வாரியம் நிரூபிக்கட்டும்" என்று ரிட்டில் எழுதப்போகிறார் என்றால் அது செல்லாது.

கரியமில வாயு என்று வந்தால் நம் கோர்ட்டுகள் இன்னும் வாசற்படியில்தான் நிற்கின்றன. நமக்குத் தனியாகக் காலநிலைச் சட்டம் கிடையாது. 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தில் காற்று மாசு என்பதற்குக் கொடுத்த விளக்கம் அமெரிக்காவைவிடக் குறுகலானது அல்ல. மனிதருக்கோ, மற்ற உயிர்களுக்கோ, செடிகொடிக்கோ, சொத்துக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு செய்யும் அளவில் காற்றில் இருக்கிற எந்தத் திட, திரவ, வாயுப் பொருளும் அதில் அடங்கும். சத்தம்கூட அதில் சேர்த்தி! மாசசூசெட்ஸ் வழக்கைப் போல ஒன்றை இங்கே நடத்த அந்த வரியே போதும் என்பது என் எண்ணம். தம்பிக்கு வாதாட ஆசையிருந்தால் படிப்பை முடித்துவிட்டு இதைக் கையில் எடுக்கட்டும். ஆனால் அது அப்பாவுக்கு எதிரான வழக்காக முடியும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

2024 மார்ச் 21-ல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு படி ஏறியது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்ற பறவை மின்கம்பியில் மோதிச் சாகிறது. அதைக் காக்க, பெரும் பரப்பில் கம்பிகளைப் பூமிக்கடியில் போடச் சொல்லி 2021-ல் அதே கோர்ட் உத்தரவிட்டிருந்தது. அப்படிச் செய்தால் சூரிய மின்சாரமே முடங்கிவிடும் என்று அரசு போய் நின்றது. கோர்ட் தன் பழைய உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. போகிற போக்கில், காலநிலை மாற்றத்தின் கேட்டிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளுக்குள் இருக்கிறது என்றும் சொன்னது. பேப்பர்களில் இந்த உரிமைதான் பெரிய எழுத்தில் வந்தது. வழக்கு முடிந்த விதத்தைப் பார்த்தால், அந்த உரிமை அரசின் கையைக் கட்டவில்லை, அவிழ்த்துவிட்டது. நாளைக்கு அரசு இன்னும் கடுமையான விதி கொண்டுவந்தாலும் இதே தீர்ப்பு அதற்குத் துணை நிற்கும். உங்களுக்குத் துணை நிற்காது.

நம் மதுரைக் கிளையிலும் 2022 ஏப்ரலில் ஒரு தீர்ப்பு வந்தது. மேகமலை வனநிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில் வந்த வழக்கு அது. இயற்கை அன்னைக்கு உயிருள்ள ஒருவருக்குரிய சட்ட உரிமைகள் எல்லாம் உண்டு என்று நீதிபதி எஸ். ஸ்ரீமதி அறிவித்தார். ஒத்தக்கடைக் கோர்ட் வளாகத்தில் யானைமலையைப் பார்த்தபடி டீ குடிக்கும்போது இந்தத் தீர்ப்பைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். அழகான தீர்ப்பு. ஆனால் ஒரு புகைபோக்கிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது.

எண் வேண்டுமென்றால் வேறு இடம் போக வேண்டும். 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி கார்பன் சந்தைக்கு வழி செய்தார்கள். 2025-ல் அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய தொழில்களில் பெரிய ஆலைகளுக்கு, ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு வாயுதான் என்று இலக்கு வந்தது. அதற்கும் கோர்ட் உத்தரவு காரணமில்லை, ஏற்றுமதிச் சந்தையும் பாரிஸ் ஒப்பந்தமும்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அந்த முதல் பட்டியலில் செங்கல் இல்லை. உங்களுக்கு இன்று கார்பன் வரம்பு கிடையாது. வீட்டுச் சண்டையை இத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி கடனா, கேஸா என்ற கேள்வி.

ரிட் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். விளக்கம் கேட்கும் நோட்டீஸ் கட்டத்தில் ரிட்டை ஹைகோர்ட் பொதுவாக எடுத்துக்கொள்ளாது. பதில் சொல்லிவிட்டு வாருங்கள் என்பார்கள். பதில் சொன்ன பிறகு வாரியம் மூடும் உத்தரவு போட்டால் காற்றுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் 30 நாளைக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். அங்கே தோற்றால் பசுமைத் தீர்ப்பாயம். மாற்று வழி இப்படித் திறந்திருக்க, இங்கே ஏன் வந்தீர்கள் என்றுதான் ஹைகோர்ட் கேட்கும். அளவெடுக்காமலேயே நோட்டீஸ் அனுப்பினார்கள், நேரில் விசாரிக்கவில்லை, ஆய்வு அறிக்கையின் நகல் தரவில்லை என்று குறை இருந்தால் உத்தரவு ரத்தாகலாம். வாரியம் அந்தக் குறையைச் சரிசெய்துகொண்டு மறுபடி நோட்டீஸ் அனுப்பும். இந்த மாதிரி வழக்குகளில் நாங்கள் ஜெயித்துக் கொடுப்பது நாள்களைத்தான். விதியை இல்லை. இதைச் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

காத்திருந்தால் விதியே மாறிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். மாறலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தொழிலைத் தொடங்கிவிட்டுப் பிறகு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் பழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்று அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஆறு மாதம்தான் இடைவெளி. மே மாதத்தை நம்பியவரும் நவம்பரை எதிர்பார்க்காதவரும் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து ஒரே மாதிரிப் புலம்பினார்கள். அமெரிக்காவிலும் 2009-ல் கண்டறிந்த அந்த 'ஆபத்து' முடிவையே கைவிடலாம் என்று அதே முகமை 2025 ஜூலையில் முன்மொழிந்து, 2026 பிப்ரவரியில் கைவிட்டும்விட்டது. அதுவும் கடைசியில் கோர்ட் படியில்தான் வந்து நிற்கும்.

காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். வெஸ்ட் வர்ஜீனியா வழக்கில் ரத்தான மின்நிலையத் திட்டம் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. 2016 பிப்ரவரியிலேயே தடை வாங்கிவிட்டார்கள். 2005 அளவைவிட 2030-க்குள் 32 சதவீதம் குறைய வேண்டும் என்பது அதன் இலக்கு. 2019-லேயே அந்த அளவு குறைந்துவிட்டது. விதி இல்லாமலே! எரிவாயு மலிவானதும், காற்றாலையும் சூரிய ஒளியும் விலை இறங்கியதும் நிலக்கரி நிலையங்களை ஒவ்வொன்றாக மூட வைத்தன. வழக்கில் ஜெயித்தார்கள், சந்தையில் தோற்றார்கள்.

இரண்டாவது உதாரணம் நம் பைபாஸ் ரோட்டில் நடந்தது. 2017 ஏப்ரல் 1 முதல், புகைக்குக் கடுமையான வரம்பு வைத்த பி.எஸ்.-4 தர வண்டிதான் என்று ஏற்கனவே அறிவிப்பு இருந்தது. உற்பத்திக்குத்தான் தடை, இருப்பை விற்கலாம் என்று கம்பெனிகள் படித்துக்கொண்டன. மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், விற்கவும் கூடாது, பதியவும் கூடாது என்றது. கையில் இரண்டே நாள். நாடு முழுக்க எட்டு லட்சத்துக்கும் மேல் பழைய வண்டிகள் தேங்கிக் கிடந்தன. 30-ஆம் தேதி சாயங்காலம் என் ஜூனியர் கோர்ட் கவுனைக்கூடக் கழற்றாமல் ஒரு ஷோரூமுக்கு ஓடினார். வாசலில் திருவிழாக் கூட்டம். கலர் கேட்க நேரமில்லை, கிடைத்த ஸ்கூட்டரை ஆயிரக்கணக்கில் தள்ளுபடியோடு தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு லாபம்தான். ஷோரூம்காரர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அப்புறம், ஜிக்ஜாக் என்பதைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு கட்சிக்காரரின் சூளைக்குப் போன வருஷம் போயிருந்தேன். பழைய சேம்பரில் மேலே நின்று எரிக்கிறவரைப் பார்த்திருக்கிறீர்கள். கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு, இரும்பு மூடியைக் கம்பியால் தூக்கி, பெரிய கரண்டியில் நிலக்கரியை மொத்தமாகக் கொட்டி மூடுவார். அரை நிமிஷத்தில் புகைபோக்கியில் கன்னங்கரேல் என்று புகை எழும். பிறகு வெளுக்கும். மறுபடி கொட்டுவார், மறுபடி கறுப்பு. மாற்றிய சூளையில் கரண்டி சின்னதாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கீழே பச்சைக் கல்லை அடுக்கியிருந்த விதத்தில் காற்று நேராக ஓட முடியாமல் வளைந்து வளைந்து போகிறது. நெருப்பு எல்லாக் கல்லையும் தொடுகிறது. அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கரும்புகை ஒரு தடவைகூட எழவில்லை. நிலக்கரி சுமார் 20 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது இந்தத் தொழிலில் பரவலாக ஒப்புக்கொண்ட கணக்கு. நிலக்கரி குறைந்தால் கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறையும். மருமகன் கேட்ட கார்பன் குறைப்பு, எந்தக் கோர்ட்டும் சொல்லாமல் உங்கள் நிலக்கரி பில்லில் நடந்துவிடும். அந்த மிச்சத்தை வைத்துக் கடன் தவணையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்குகிற ஆள்களுக்குப் பயிற்சி வேண்டும், மின்விசிறி வைத்த வகை என்றால் கரண்ட் செலவு உண்டு. இவையும் கணக்கில் வர வேண்டும்.

கணக்கின் மறுபக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வாரியத்தின் உத்தரவை மீறுவது முன்பு சிறைக்குப் போகும் குற்றம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி அதை அபராதமாக்கினார்கள், 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை. சிறை போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். அபராதம் போடுவது சிறைக்கு அனுப்புவதைவிடச் சுலபம். மூடும் உத்தரவு வந்தால் மின் இணைப்பையும் துண்டிக்கச் சொல்லலாம். மண் எடுக்கும் அனுமதியையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் 2021-ல் சூளைகள் மூடப்பட்ட கதையில் புகையைவிடச் செம்மண்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. நம்மூரில் வழக்கு எப்போதும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே வரும்.

காளவாசல் பாலத்துக்குக் கீழே தினமும் சிக்னலுக்கு நிற்கிறேன். சூளையின் பெயரில் ஓர் இடம், சுற்றி எங்கே தேடினாலும் சூளை இல்லை. அங்கே இருந்த காளவாசல்களை எந்தத் தீர்ப்பும் மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊர் வளர்ந்தது, மனை விலை ஏறியது. உங்களுக்கும் நாளைக்குப் போட்டி ஹாலோ பிளாக்கும் சாம்பல் கல்லும்தான், வாரியத்து இன்ஜினியர் இல்லை.

ஆகவே என் யோசனை, கேஸ் வேண்டாம், அவகாசம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்படியும் நெருப்பை அணைத்துத்தான் வைத்திருப்பீர்கள். மாற்றுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்த ரசீது, மாற்றித் தருகிறவரின் மதிப்பீடு, எந்த மாதம் எந்த வேலை முடியும் என்ற ஒரு பக்க அட்டவணை. இந்த மூன்றையும் இணைத்து, அடுத்த பருவத்துக்கு நெருப்பு மூட்டும்போது ஜிக்ஜாக்கில்தான் மூட்டுவேன் என்று எழுதிக் கொடுங்கள். இப்படி ஆவணத்தோடு வருகிறவரை விரட்ட எந்த அதிகாரிக்கும் அவசரம் இருக்காது. அப்படியும் விரட்டினால், மேல்முறையீட்டில் காட்ட அதே தாள்தான் உங்களுக்கு பலம்.

ஏற்கனவே கேட்ட அவகாசத்துக்கு ஆதாரமாக இந்தத் தாள்களோடு போகும் மனுவைத் தம்பியையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், வெஸ்ட் வர்ஜீனியாவும் வேண்டாம். சூளை நடத்த வாரியம் கொடுத்த இசைவாணையின் எண்ணும் அது முடிகிற தேதியும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டு ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். ரசீதோடு, நோட்டீஸ் வந்த கவரையும் பத்திரமாகக் கோப்பில் வையுங்கள். பின்னால் நாள் கணக்கில் தகராறு வந்தால் அந்தக் கவரில் இருக்கும் தபால் முத்திரையைத்தான் கேட்பார்கள்.